யார் மேல போடறது கேஸு?

திருமயம் பக்கம் ஒரு கிராமம். பேர் வேண்டாம். தெரிந்த அண்ணன் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஹால் சுவரில் மேலிருந்து கீழே கோணல்மாணலாக ஒரு விரிசல். அஞ்சு ரூபாய் காசை உள்ளே சொருகலாம். பக்கத்துக் குவாரியில் வெடி வைத்தால் அடுக்களையில் தட்டு குதிக்கிறது என்றார் அண்ணி.

"கேஸ் போடலாமேண்ணே?"

அண்ணன் சிரித்தார். "யார் மேல தம்பி போடறது? குத்தகை ஒருத்தர் பேர்ல. கிரஷர் அவரோட மச்சான் பேர்ல. வெடி வைக்கிறது கான்ட்ராக்ட்காரன். டிப்பர் வேற ஆளோடது. நீயே ஒரு பேரச் சொல்லு, போட்டுருவோம்."

பதில் தெரியவில்லை. பி.காம்.மில் படித்த ஒரு பாடம்தான் ஞாபகம் வந்தது. கம்பெனி கட்டவேண்டி வரும் நஷ்டஈட்டை மூன்று தரமாகப் பிரிப்பார்கள். கட்டித்தான் தீரணும் என்று தெரிந்தால் இப்போதே லாபத்திலிருந்து பணத்தை ஒதுக்கணும். வந்தாலும் வரலாம் என்றால் பேலன்ஸ் ஷீட்டுக்கு அடியில் குறிப்பு எழுதினால் போதும். வருவதற்கு வாய்ப்பே குறைவு என்றால் ஒன்றுமே எழுத வேண்டாம். அண்ணன் வீட்டு விரிசல் மூன்றாவது தரம். அடிக்குறிப்புக்குக்கூட லாயக்கில்லை!

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1959-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சிறுகனிம விதிகள்படி குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் குவாரிக்குக் குத்தகை தரக்கூடாது. ஆனால் எது குடியிருப்பு? வருவாய்க் கணக்கில் ஊர் நத்தமாகவோ வீட்டு மனையாகவோ இருக்கணும், அல்லது அப்ரூவல் வாங்கிய மனையாக இருக்கணும். அண்ணன் வீடு அவருடைய கொல்லையில், சொந்தப் பட்டா நிலத்தில் கட்டியது. அதாவது, அவர் முப்பது வருஷமாகக் குடியிருக்கும் இடத்தில் அரசாங்கக் கணக்குப்படி யாரும் குடியிருக்கவில்லை.

சரி, அத்துமீறித் தோண்டுகிறார்கள் என்று நேராகக் கோர்ட்டுக்குப் போகலாமா? 1957-ஆம் வருஷத்துக் கனிமச் சட்டத்தில் 22-ஆம் பிரிவு என்று ஒன்று. அரசு அதிகாரம் கொடுத்த ஆள் எழுத்துமூலம் புகார் தந்தால்தான் அந்தச் சட்டத்தின்படி கோர்ட் வழக்கை எடுக்கும். என் வீட்டில் திருடு போனால் நான் புகார் கொடுக்கலாம். ஊர் மலை திருடு போனால் அதிகாரிதான் கொடுக்கணும். திருட்டு என்று போலீஸ் தனியாக வழக்குப் போடலாம் என 2014-ல் சுப்ரீம் கோர்ட் வழி விட்டது. அதற்கும் ஸ்டேஷன் மனசு வைக்கணும்.

மிச்சம் இருப்பது சிவில் வழக்கு. கோர்ட் கட்டணத்தை ஏழரை சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகத் தமிழக அரசு 2017-ல் குறைத்தது, நல்ல காரியம். பசுமைத் தீர்ப்பாயம் என்றால் கேட்கும் நஷ்டஈட்டில் ஒரு சதவீதம். அமர்வு சென்னையில். கட்டணத்தைவிட பஸ் செலவும் வக்கீல் செலவும்தான் ஆளைக் கொல்லும். அதையும் தாண்டிப் போனால், விரிசல் வெடியால்தான் வந்தது என்று அண்ணன் நிரூபிக்கணும். எத்தனை மணிக்கு, எத்தனை கிலோ வெடித்தார்கள் என்ற நோட்டு யார் கையில் இருக்கிறது? எதிராளி கையில்.

ஆகவே, நம்ம ஊரில் தொழிலைக் கண்காணிக்கும் வேலையைத் தனி மனுஷன் தலையில் கட்டிவிட்டோம். அந்தத் தலைக்கு என்ன ஆகும் என்பதையும் இதே திருமயத்தில் பார்த்தோம். குவாரி முறைகேடுகள் பற்றி மனு மேல் மனுவாகப் போட்டுவந்த ஜகபர் அலி, 2025 ஜனவரி 17 வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து டூவீலரில் திரும்பும்போது டிப்பர் மோதி இறந்தார். அது கொலை வழக்கானது. குவாரி உரிமையாளர்கள் உட்படச் சிலர் கைதானார்கள். விசாரணை சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. யார் குற்றவாளி என்பதைக் கோர்ட் சொல்லட்டும். என் கேள்வி வேறு. அவர் செய்தது சம்பளம் வாங்கும் அதிகாரி செய்ய வேண்டிய வேலை. அதை ஏன் அவர் செய்தார்? (அப்போது மாநிலத்தின் சட்ட அமைச்சர் ரகுபதி, திருமயம் தொகுதி எம்.எல்.ஏ.தான். சட்டம் இவ்வளவு கிட்டத்தில் இருந்தும்!)

டெல்லிக்காரர்களுக்காவது நியாயம் கிடைத்ததா என்று கேட்பீர்கள். 1985 டிசம்பரில் ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் வாயு கசிந்தது. மறு வருஷம் நீதிபதி பகவதி தலைமையிலான பெஞ்ச் அபாரமான தீர்ப்பு சொன்னது. ஆபத்தான தொழில் செய்பவன் சாக்குப்போக்கு சொல்ல முடியாது, கம்பெனி எவ்வளவு பெரிதோ அவ்வளவு நஷ்டஈடும் பெரிதாக இருக்கணும் என்றது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்தத் தீர்ப்பு ஒரு பைசா தரவில்லை. உரிய கோர்ட்டில் வழக்குப் போடுங்கள் என்று அனுப்பி வைத்தது.

இப்போது வந்திருப்பது இன்னும் அழகு. 2023-ல் 'ஜன் விஸ்வாஸ்' என்று ஒரு சட்டம். மக்கள் நம்பிக்கை என்று அர்த்தமாம். 42 சட்டங்களில் 183 பிரிவுகளைத் தளர்த்தினார்கள். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் ஐந்து வருஷம் வரை இருந்த ஜெயில் போய், பத்தாயிரம் ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை அபராதம் என்றானது. 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறை. 'ஜெயிலுக்கு யார் போனார்கள்? அபராதமாவது வசூலாகுமே' என்கிறார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் அந்த அபராதம் போய்ச் சேருவது அரசாங்க நிதிக்கு, அண்ணன் சுவருக்கு இல்லை. கோடியில் புரள்பவருக்கு 15 லட்சம் அபராதமும் இல்லை, அது வாடகை!

"எல்லா விதியையும் பிடிச்சுக்கிட்டு நின்னா தொழில் நடக்காது சார், வீடு கட்ட ஜல்லி வேணாமா?" வேணும். நானும் ஃபிளாட்டில்தான் இருக்கிறேன். ஆனால் நம்ம ஃபிளாட்டுக்கு வந்த ஜல்லியின் விலையில் டீசல் சேர்ந்தது, வெடி சேர்ந்தது, வட்டி சேர்ந்தது. அண்ணனின் சுவர் சேரவில்லை. நமக்கு மானியம் கொடுத்தவர் அவர்.

2025 ஏப்ரலில் புது கனிம நில வரியை எதிர்த்து குவாரிக்காரர்கள் ஸ்ட்ரைக் செய்தார்கள். அரசு கூப்பிட்டுப் பேசி இறங்கி வந்தது. விரிசல் விட்ட சுவர்க்காரர்களை எந்த அமைச்சர் கூப்பிட்டுப் பேசினார்?

நான் குவாரியை மூடச் சொல்லவில்லை. குத்தகை கொடுக்கும்போதே சுற்றுவட்டார வீடுகளைப் படம் எடுத்துப் பதிவு செய்யட்டும். அதற்குப் பிறகு விரிசல் விட்டால், தன்னால் இல்லை என்று குத்தகைதாரர் நிரூபிக்கட்டும். கிரஷர் யார் பேரில் இருந்தாலும், டிப்பர் யாருடையதாக இருந்தாலும், குத்தகை எழுதிக்கொண்டவரே முதல் பிரதிவாதி. டெபாசிட்டிலிருந்து முதலில் சுவருக்குப் பணம் போகட்டும், சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். அந்த 22-ஆம் பிரிவையும் திருத்தி, பாதிக்கப்பட்டவன் கோர்ட் படி ஏற விடுங்கள்.

போன மாசம் போனில் பேசினேன். அண்ணன் விரிசலைப் பூசிவிட்டாராம். எம்-சாண்ட் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன்.

"வேற எங்க? நம்ம கிரஷர்லதான். கடன் சொல்லிருக்கேன்."