குதிரைத் தீவனத்தில் எளிமை வேண்டும்

நம் சங்க அங்கத்தினர்களுள் பசுவும் எருமையும் வளர்ப்போர் பலர். குதிரை வளர்ப்போர் சிலரே. ஆயினும், ஆடி மாதத்து அந்தியூர்ச் சந்தையில் குதிரை வாங்கி வந்து, பந்தயத்திற்கோ சவாரிக்கோ வைத்திருக்கும் அச்சிலர் அதன் தீவனத்திற்காகச் செய்யும் செலவு சிறிதன்று. லாயத்து அலமாரியைத் திறந்தால், ரத்த விருத்திக்கு ஒரு புட்டி, குளம்புக்கு ஒரு டப்பா, மூட்டுக்கு ஒரு பொடி, மினுமினுப்புக்கு ஓர் எண்ணெய், வேகத்திற்கு ஒரு டானிக் என்று வரிசையாக நிற்கின்றன. எது எதற்காக வந்தது என்று வினவினால், "நண்பர் சொன்னார்", "கடைக்காரர் கொடுத்தார்" என்பதே பெரும்பாலும் விடை. இவ்வழக்கம் பணத்திற்கும் கேடு, குதிரையின் உயிருக்கும் கேடு என்பதும், இதனை எளிமையாக்கக் கூட்டுறவே தக்க வழி என்பதும் என் கருத்து.

முதலில் அப்பிராணியின் இயல்பை அறிந்துகொள்வோம். பசு அசைபோடும் பிராணி. அதன் பெரிய இரைப்பையில் தீவனம் நெடுநேரம் தங்கி ஊறுகிறது. குதிரையின் இரைப்பையோ ஒன்றே. உடலின் பருமனை நோக்க அது மிகச் சிறியது. உண்டது ஒவ்வாவிடினும் குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. புல்லின் நார்ச்சத்து பின்குடலில் நுண்ணுயிர்களால் செரிக்கப்படுகிறது. ஆகவே, சிறிது சிறிதாக நாள் முழுவதும் புல் மேய்வதற்கென்றே அமைந்த உடல் அது. தானியத்தை ஒரே வேளையில் மிகுதியாகக் கொட்டினால், செரிக்காத மாவுச்சத்து பின்குடலுக்குச் சென்று புளித்து அமிலமாகிறது. அதன் விளைவு கடும் வயிற்றுவலி. அல்லது குளம்பின் உட்சதை வெந்து, குதிரை நிற்கவும் இயலாமற் போதல். வலிமை தரும் என்று நாம் வைக்கும் கொள்ளும் மக்காச்சோளமும் அளவு தவறினால் அதைக் கீழே வீழ்த்திவிடுகின்றன.

இவ்வியல்பை நோக்கினால் குதிரைக்கு வேண்டியவை நான்கே: புல், தண்ணீர், உப்பு, அப்புல்லில் குறைவான தாதுக்களை நிரப்பும் ஒரு பொருள். நெசவாள அங்கத்தினர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. பாவு சரியாக ஓடாத தறியில் எவ்வளவு உயர்ந்த சரிகையைக் கோத்தாலும் புடவை ஆகாது. குதிரைக்குப் புல்லே பாவு. டப்பாக்களில் வருவன எல்லாம் சரிகை.

அளவையும் சொல்லிவிடுகிறேன். நெஞ்சின் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள்முனை முதல் பிட்டத்து முனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் குதிரையின் எடை ஏறத்தாழக் கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 155, நீளம் 148 என்றால் எடை சுமார் 300 கிலோ. அத்தகைய குதிரைக்கு நாளொன்றுக்கு உலர்ந்த கணக்கில் 6 கிலோ புல் வேண்டும். எக்காரணத்தாலும் 4½ கிலோவுக்குக் குறைதல் ஆகாது. பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் நீரே ஆதலால், பச்சையாக இடுவோர் 25 கிலோவுக்குக் குறையாமல் இடவேண்டும். உப்பு 15 கிராம். வேலையும் வியர்வையும் மிகும் நாளில் அதற்கு மேல். தண்ணீர் எப்பொழுதும் தொட்டியில் நிறைந்திருக்க வேண்டும். உழைக்கும் குதிரைக்குத் தானியம் வேண்டுமாயின், ஒரு வேளைக்கு 1 கிலோவைத் தாண்டாமல் பகுத்து இடுவது நலம்.

நான்காவது பொருளாகிய தாதுவில்தான் நம் பக்கத்துக் குதிரைகளுக்கு மெய்யான குறை இருக்கிறது. அதைத்தான் டானிக் வாங்குவோர் பலரும் கவனிப்பதில்லை. கோதுமைத் தவிட்டிலும் அரிசித் தவிட்டிலும் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்தோ மிகவும் சொற்பம். நம் கொறங்காடுகளில் விளையும் கொழுக்கட்டைப் புல்லிலும், கிணற்றுப் பாசனத்தில் வளர்க்கும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லிலும் ஆக்ஸலேட் என்னும் உப்பு உண்டு. அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உடலில் சேரவிடாது. பசுவின் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் அந்த உப்பைச் சிதைத்துவிடுவதால் காங்கயம் மாடு அப்புல்லில் நன்றாகவே வளர்கிறது. குதிரைக்கு அந்த வசதி இல்லை. இவ்வகைப் புல்லையே நெடுநாள் தின்ற குதிரைகளுக்கு முக எலும்பு வீங்கும் பெருந்தலை நோய் காண்பதை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கால்நடை மருத்துவர்கள் நன்கு அறிவர். தவிட்டை மிகுதியாக இட்ட லாயங்களிலும் இந்நோய் பழங்காலந்தொட்டே அறியப்பட்டது. எலும்பிலுள்ள சுண்ணாம்பை உடலே கரைத்து எடுத்துக்கொள்வதே இதன் காரணம்.

இதற்குப் பரிகாரம் வெளிநாட்டுப் புட்டியில் இல்லை. நம் வயலிலேயே இருக்கிறது. அதன் பெயரே குதிரை மசால். ஒரு கிலோ உலர்ந்த குதிரை மசாலில் ஏறத்தாழ 12 முதல் 15 கிராம் வரை சுண்ணாம்புச் சத்து உண்டு. வேலையின்றி நிற்கும் 300 கிலோ குதிரையின் ஒருநாள் தேவையும் 12 கிராம்தான். புல் பெரும்பகுதி, குதிரை மசால் சிறுபகுதி, தவிடு மிகக் குறைவு, அத்துடன் கால்நடை மருத்துவர் குறிக்கும் தாதுக் கலவை ஒன்று என்று வைத்துக்கொண்டால் அலமாரியின் பெரும்பகுதி காலியாகிவிடும். குதிரைக்கு வேண்டிய பி வகை வைட்டமின்களைப் பெரும்பாலும் அதன் குடல் நுண்ணுயிர்களே ஆக்கித் தருகின்றன. வைட்டமின் சி அதன் ஈரலிலேயே உண்டாகிறது. இரும்புச் சத்து புல்லிலேயே மிகுதியாக உள்ளது. ஆதலின் ரத்த விருத்தி டானிக்கிற்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் வீண்.

"வீணானாலும் தீங்கில்லையே, இருந்துவிட்டுப் போகட்டும்" என்பார் உண்டு. அவர்கள் 2009-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் நடந்ததை எண்ணிப் பார்க்கவேண்டும். வெனிசுலா நாட்டவர் ஒருவருக்குரிய அணியின் 21 போலோக் குதிரைகள், பெரும் போட்டியொன்று நடக்கவிருந்த வேளையில் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து மாண்டன. அவற்றிற்குக் கொடுக்கப்பட்ட சத்து மருந்தில் செலினியம் என்னும் தாது அளவுக்கு மிஞ்சிக் கலந்திருந்ததே காரணம் என்று பின்னர்த் தெரிந்தது. செலினியம் குதிரைக்கு அவசியமானதே. ஆனால் 500 கிலோ எடையுள்ள பெரிய குதிரைக்கும் நாளொன்றுக்கு வேண்டுவது 1 முதல் 1½ மில்லிகிராம் மட்டும். அங்கே தவறு நேர்ந்தது ஒரே மருந்தின் கலவையில். நம் லாயத்திலோ, மூன்று டப்பாக்களிலும் ஒரே சத்து இருப்பதை அறியாமல் மூன்றையும் சேர்த்து இடுகிறோம். ஒவ்வொன்றும் அளவோடு இருந்தாலும், கூட்டினால் வருவது எவ்வளவு என்று கணக்கிட்டவர் யார்?

மற்றொரு ஆபத்தும் உண்டு. குதிரைக்குத் தனித் தீவனம் வாங்குவானேன் என்று, மாட்டுத் தீவனத்தையோ கோழித் தீவனத்தையோ எடுத்து இடுவோர் இருக்கிறார்கள். கோழிகளுக்கு ரத்தக் கழிச்சலைத் தடுப்பதற்காகச் சேர்க்கப்படும் மோனென்சின் போன்ற மருந்துகள் குதிரைக்குக் கொடிய நஞ்சாகும். இதயத் தசையைத் தாக்கிக் கொன்றுவிடும். எளிமை வேறு, எடுத்தது எதையும் போடுவது வேறு. எதை இடுகிறோம் என்பதை அறிந்து இடுவதே எளிமை.

பந்தயத்தில் ஓடும் குதிரைக்கு இவ்வளவு போதுமா என்று கேட்கலாம். கடுமையாக உழைக்கும் குதிரைக்கும், சினைக்குதிரைக்கும், வளரும் குட்டிக்கும் கூடுதல் சத்து வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அக்கூடுதல் இன்னது, இவ்வளவு, இத்தனை நாளைக்கு என்று மருத்துவர் சொல்லட்டும், அவ்வாறே செய்வோம். கடைக்காரர் சொல்வதும் பக்கத்து லாயத்தார் சொல்வதும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளலாகாது என்பதே என் வாதம்.

இனி, எளிமையாக்கும் முறை. தொட்டியில் விழுவதை எல்லாம் ஒரு தாளில் எழுதுக. ஒவ்வொன்றிற்கும் எதிரே அதில் உள்ள சத்து, நாளொன்றுக்கு இடும் எடை, இடுவதற்குரிய காரணம் ஆகிய மூன்றையும் குறிக்க. படியாலும் கையாலும் அளப்பதை விட்டுத் தராசில் நிறுக்க. காரணம் எழுத இயலாத பொருளை முதலில் நீக்குக. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுதல் கூடாது. குடலின் நுண்ணுயிர்கள் புதிய தீவனத்திற்குப் பழக அவகாசம் வேண்டும். ஒன்றை மாற்றினால், பத்து நாளாவது அதைச் சிறிது சிறிதாகச் செய்து, சாணத்தையும் பசியையும் உடல்வாகையும் கவனித்த பின்னரே அடுத்ததைத் தொடுக. மருத்துவர் நோய்க்காகக் கொடுத்த மருந்தை அவரைக் கேளாமல் நிறுத்தவேண்டாம்.

இதில் சங்கத்திற்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். தனி ஒருவர் தம் ஒரு மூட்டைப் புல்லைச் சோதித்துப் பார்ப்பது செலவு. பத்துப் பேர் சேர்ந்து ஒரு மாதிரி எடுத்தனுப்பினால் அது சொற்பம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனங்களைச் சோதிக்கும் ஆய்வகம் இருக்கிறது. சோதனையின் முடிவைக் கண்டு, மருத்துவரின் ஆலோசனையோடு, எல்லாருக்கும் பொருந்தும் ஒரே தாதுக் கலவையைச் சங்கம் மொத்தமாக வாங்கி வழங்கலாம். பாசன வசதியுள்ள அங்கத்தினர் சிலர் குதிரை மசால் பயிரிட்டு, வெட்டி உலர்த்திச் சங்கத்தின் வழியாக விற்றால், இன்று டப்பாவின் பேரால் வெளியூருக்குப் போகும் பணம் நம் பயிர்த்தொழிலாளர் கைக்கு வந்து சேரும். வாங்குபவருக்குச் சரக்கின் யோக்கியதை தெரியும். விற்பவருக்கு விலை நிச்சயம். நூலும் சாயமும் மொத்தமாக வாங்கி நெசவாளர் கண்ட நன்மை இதுவேயன்றோ?

ஆகவே அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவர வேண்டுமென்று நிர்வாகஸ்தர்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன். குதிரை வளர்க்கும் அங்கத்தினர்கள், தங்கள் தொட்டியில் விழும் பொருள்களின் பட்டியலை அக்கூட்டத்திற்கு எழுதி எடுத்து வரட்டும். அந்தப் பட்டியல்களை ஒன்றாக வைத்துப் பார்த்தாலே, எது வேண்டும், எது வேண்டாம் என்பது பாதி விளங்கிவிடும்.