பாட்டியின் தாயக்கட்டையும் பேரனின் கம்ப்யூட்டரும்

தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். இது பாட்டிக்குத் தெரியும். 15 விழுந்தால்தான் பூட்டு திறக்கும். இது பேரனுக்குப் புதிது. ஆனால் இரண்டும் ஒரே கணக்குத்தான்!

திருவண்ணாமலையில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பேரன் கம்ப்யூட்டரில் புது ஆட்டம் ஆடுகிறான். அதன் பெயர் "பால்டர்ஸ் கேட் 3". பெல்ஜியம் நாட்டு லேரியன் நிறுவனம் 2023-ல் வெளியிட்டது.

ஆடுகிறவன் கதையில் ஒரு வேடம் ஏற்க வேண்டும். வீரன் ஆகலாம்; மந்திரவாதி ஆகலாம். பூட்டைத் திறக்கவும், காவலாளியைப் பேசி மயக்கவும் பகடை உருட்ட வேண்டும். அந்தப் பகடைக்கு 20 முகங்கள்! 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்த "டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்" என்ற மேசை ஆட்டத்தின் வழியில் வந்த விதி இது.

பேரன் உருட்டினான். 4 விழுந்தது. பூட்டு திறக்கவில்லை. "ஏமாற்று ஆட்டம்!" என்று எரிச்சல்பட்டான்.

ஏமாற்று அல்ல. அவனுக்குக் கணக்கு தெரியவில்லை, அவ்வளவுதான்.

பாட்டியின் கணக்கு

தாயக்கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம். ஒரு பக்கம் வெறுமை. மற்றவற்றில் 1, 2, 3 புள்ளிகள். இரண்டையும் உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் தாயம் இரண்டே விதம். அதாவது 8-க்கு 1. அதனால்தான் பாட்டி பதறாமல் காத்திருக்கிறாள்.

20 முகப் பகடையும் அப்படியே. 15 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்றால், உதவும் முகங்கள் ஆறு. வேடத்துக்குப் பூட்டுத் திறக்கும் திறமை இருந்தால் 3 கூடும். அப்போது 12 விழுந்தாலே போதும். உதவும் முகங்கள் ஒன்பது ஆகிவிடும்!

விழுவது பகடையின் கையில். எந்தக் காயை நகர்த்துவது, எதை வெட்டுப்படாமல் மலையில் ஏற்றுவது என்பது ஆடுகிறவர் கையில். கம்ப்யூட்டர் ஆட்டத்திலும் இதுதான் சூட்சுமம்.

வீட்டிலேயே கற்கட்டும்

"பத்து முறை தாயம் விழவில்லை, அடுத்த முறை விழுந்தே தீரும்" என்று பலர் நினைக்கிறார்கள். தவறு! அடுத்த முறையும் 8-க்கு 1 தான். கட்டைக்குப் பழைய ஞாபகம் கிடையாது. இது தெரியாதவன்தான் விட்ட பணத்தைப் பிடிக்கப் போய், இருப்பதையும் இழக்கிறான்.

திருவண்ணாமலை வட்டாரத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பாரதக் கூத்து நடக்கும். தருமர் நாட்டை வைத்தார், தம்பியரை வைத்தார், மனைவியையும் வைத்தார். பகடை உருண்டதைவிட, பணயம் வைத்ததே பெருங்கேடு.

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து 2025-ல் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. நல்லதே. ஆனால் சட்டம் மட்டும் போதாது. பிள்ளைக்கு விவரமும் வேண்டும்.

ஆகவே, பேரனைத் திட்டிப் பயன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தாயக்கட்டையை எடுத்துத் தரையில் கட்டம் போடட்டும் பாட்டி. பணயம் இல்லாமல், சிரித்துக்கொண்டே தோற்கப் பேரன் பழகட்டும். பிறகு அந்த 20 முகப் பகடையைப் பாட்டிக்கு அவன் சொல்லித் தரட்டும்.

இருவருக்கும் பாடம், வீட்டுக்கும் கலகலப்பு!