ஓட்டத்தின் அரிவரி

விழா மலர்களில் வென்றோர் பெயரே விளங்கும். அது முறையே. ஆயினும், இல்ல மெய்வல்லுநர் போட்டிகளில் மைதான எல்லையில் நின்று கைதட்டியவரே நம்முட் பெரும்பாலோர். யானும் அவருள் ஒருவன். ஓட்டம் வெல்லத்தக்கார்க்கே உரியது என்னும் எண்ணம் அவ்வெல்லைக் கோட்டிலேயே எம் நெஞ்சிற் பதிந்துவிட்டது. அது தவறான எண்ணம் என்பதும், அத்தவற்றின் விலையை நாற்பது வயதின்பின் உடல் செலுத்த நேர்கின்றது என்பதுமே ஈண்டுக் கூறப் புகுவன.

சென்ற ஆண்டு, இரத்தத்திற் சீனி மிகத் தொடங்கிவிட்டதென மருத்துவர் எச்சரித்தார். என் தந்தையார் நீரிழிவினால் ஒரு காலை இழந்தவர். ஆதலின் அவ்வெச்சரிக்கை செவியோடு நின்றுவிடவில்லை. மருத்துவரின் இசைவு பெற்று ஓடத் தொடங்கினேன். முதல் நாள் இளமை நினைவோடு முழு வேகத்தில் ஓடினேன். ஒழுங்கை முடியுமுன் மூச்சு முடிந்தது. மதகில் இருந்த முதியவர் ஒருவர், “மாஸ்டர், பஸ்சை விட்டிட்டியளோ?” என்று வினவினார். முழங்கால் நோவினும் அவ்வினாவே மிக நொந்தது. ஒரு கிழமை சப்பாத்தைத் தொட்டிலேன்.

எளியதிலிருந்து அரியதற்குச் செல்க என்பது ஆசிரிய கலாசாலையில் யாம் கற்ற முதற் பாடம். பிறர் பிள்ளைகளுக்கு அவ்விதியைப் பல்லாண்டு கடைப்பிடித்த யான் என் கால்களுக்குக் கடைப்பிடித்திலேன். அரிவரி வகுப்பிற் சேர்ந்த அன்றே குழந்தையை யாப்பிலக்கணம் கேட்பார் உண்டோ?

ஜோஷ் கிளார்க் என்னும் அமெரிக்கர் 1996இல் வகுத்த தொடக்கப் பயிற்சி அவ்விதியையே தழுவியது. இன்று பலரும் பின்பற்றும் முறைப்படி முதற் கிழமையில் ஓடுவது மூன்று நாளே. முதலில் 5 நிமிடம் விரைநடை. பின்னர் 60 செக்கன் மெல்லோட்டமும் 90 செக்கன் நடையும் மாறிமாறி 20 நிமிடம். கூட்டிப் பார்ப்பின் ஓடுவது 8 நிமிடமே. ஓடிய நாளுக்கு மறுநாள் ஓய்வு. இவ்வோய்வு சோம்பலன்று, நெஞ்சும் நுரையீரலும் பழகும் விரைவில் தசைநாணும் எலும்பும் பழகா.

வேகத்தை அளக்கக் கருவி வேண்டா. ஓடுகையில் வாய்விட்டுப் பேச இயலுதல் வேண்டும். தமிழாசிரியன் ஆதலின் யான் ஒரு நேரிசை வெண்பாவைச் சொல்லிப் பார்ப்பேன். தனிச்சொல்லை எட்டுமுன் மூச்சு முறியுமாயின் வேகம் மிகுதி என்பது தெளிவு.

நாற்பதின்பின் நடையே போதாதோ என்பார் உளர். நடை நன்றே, நோயுடையார் மருத்துவரைக் கேளாது ஓடுதல் தகாது. ஆயினும் பலரைத் தடுப்பது நோயன்று, நாணமே. மெல்ல ஓடுதல் இழிவென நினைந்து விரைகின்றோம், விரைந்து வீழ்கின்றோம், வீழ்ந்தபின் ஓட்டம் நமக்கன்று என விட்டுவிடுகின்றோம். முதற் கிழமையில் வெல்லவேண்டிய பகை இந்நாணம் ஒன்றே.

மீண்டும் தொடங்கிய கிழமையில் திங்களும் புதனும் கழிந்தன. வெள்ளியன்று எட்டாம் முறை ஓடுகையில் அம்முதியவர், “இண்டைக்கும் பஸ் போட்டுதோ?” என்றார். “இல்லை ஐயா, இது வேறை ஓட்டம்” என ஓடியவாறே விடை பகர்ந்தேன். மூச்சு முறியவில்லை.

பழைய மாணவர் சங்கத்தார்க்கும் அதிபர் அவர்கட்கும் ஒரு விண்ணப்பம். வைகறையில் நம் மைதானத்தின் படலை மெல்ல ஓடுவார்க்கும் திறந்திருக்கட்டும். இல்லப் போட்டியிலும், இடையில் நில்லாது ஓடி முடிப்பார் ஒவ்வொருவர்க்கும் புள்ளி வழங்கும் ஓர் ஓட்டம் அமையட்டும். வெற்றிக் கிண்ணம் சிலர்க்கே. உடல் அனைவர்க்கும் உண்டன்றோ? இன்று எல்லைக் கோட்டில் நின்று கைதட்டும் மாணவன் என்னைப்போல் நாற்பது வயதுவரை காத்திருத்தல் வேண்டா.