நால்வர் தூக்கும் வண்டி

பச்சைமலைச் சாரலிலே பிறந்தவருக்கு ரயில் என்பது பஸ் ஏறிப் போய்ப் பார்க்க வேண்டிய பொருள். துறையூருக்கு இன்றளவும் இருப்புப்பாதை இல்லை. அங்கிருந்து வரும் தோழர் திருவரங்கம் நிலையத்து மேடையிலே நின்றால், கொள்ளிடத்துப் பாலத்தைத் தாண்டிச் சீறி வரும் விரைவு வண்டியை விழி விரியப் பார்க்கிறார். அது போன பிறகு அதே பாதையிலே ஒரு சிறு வண்டி வருகிறது. நான்கு சக்கரம், மேலே ஒரு பலகை, ஒரு சிவப்புக் கொடி, தள்ளிக்கொண்டு ஓடும் ஆட்கள். அதுதான் டிராலி! அதை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

நாம் பார்க்கச் சொல்கிறோம், தோழர்களே! விரைவு வண்டி பத்திரமாகப் போனதற்கு, அந்தச் சிறு வண்டி முன்னரே போய் வந்ததும் ஒரு காரணம்.

நேர்ப்பாதையிலே டிராலியைத் தள்ளுவது எளிது. பாதை பிரியும் இடத்திலேதான் சோதனை. திருச்சி சந்திப்பை எண்ணிப் பாருங்கள்! தஞ்சைக்கு ஒன்று, திண்டுக்கல்லுக்கு ஒன்று, கரூருக்கு ஒன்று, புதுக்கோட்டைக்கு ஒன்று, அரியலூருக்கு ஒன்று என ஐந்து திசைக்குப் பாதைகள். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வண்டியைத் திருப்புவது 'பாயிண்ட்'. நாக்குப் போலக் கூர்மையாகச் சீவிய இரண்டு தண்டவாளங்கள் இப்படியோ அப்படியோ ஒட்டிக்கொள்ளும். சற்றுத் தள்ளி, ஒரு தண்டவாளம் மற்றொன்றை வெட்டிச் செல்லும் இடம் 'கிராசிங்'. அமெரிக்கத் தொழிலாளி அதற்குத் 'தவளை' என்று பெயர் வைத்திருக்கிறான்! அங்கே சக்கரத்தின் விளிம்பு புகுந்து செல்ல ஓர் இடைவெளி விட்டாக வேண்டும்.

ரயிலின் சக்கரம் அகலமானது, பெரியது. ஆகவே இடைவெளியைத் தாங்கித் தாண்டிவிடும். டிராலியின் சக்கரமோ சிறியது, குறுகியது. இடைவெளியிலே இறங்கி ஏறும், தடுமாறும். எதிர்ப்புறத் தண்டவாளத்தின் ஓரத்திலே பதித்த 'செக் ரெயில்' மறுசக்கரத்தைப் பிடித்து நிறுத்துவதால்தான் வழி தவறாமல் போகிறது.

எல்லாப் பாயிண்டும் ஒன்றல்ல. எட்டரைக்கு ஒன்று என்ற கணக்கிலே விரைந்து பிரிவதுண்டு. பன்னிரண்டுக்கு ஒன்று என்று நிதானமாகப் பிரிவதுமுண்டு. பன்னிரண்டு அடி சென்றால் ஓர் அடி விலகும் என்பது பொருள். நிதானமாகப் பிரிந்தால் ரயில் வேகமாகப் போகலாம். ஆனால் கிராசிங் இடைவெளி நீளும். ரயிலுக்கு இன்பம், டிராலிக்குத் துன்பம்! ஜப்பானின் ஷின்கான்சென் பாதையிலே கிராசிங்கின் மூக்கே நகர்ந்து இடைவெளியை மூடிவிடும். அத்தகைய ஏற்பாடு இல்லாத இடத்திலே, டிராலியைக் காப்பது தள்ளுபவனின் கையும் கண்ணுமே!

இன்னொரு சங்கடமும் உண்டு. இரண்டு பாதை ஒன்றாகக் கூடும் திசையிலே, பாயிண்ட் மாறிக் கிடக்கும்போது ரயில் வந்துவிட்டால், தன் எடையால் நாக்கை நெட்டித் தள்ளி, பூட்டை முறித்துப் போகும். டிராலிக்கு அந்த எடை ஏது? நாக்கின் மேல் ஏறும், நழுவும், கவிழும்.

எல்லாவற்றையும் விடப் பெரியதொன்று கேளுங்கள்! ரயில் நிற்கும் இடத்தைக் கேபினுக்கு அறிவிப்பது தண்டவாளத்திலே ஓடும் மின்சாரம். ரயிலின் சக்கரமும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்தவுடன் பலகையிலே சிவப்பு விளக்கு எரியும். அது எரியும்வரை பாயிண்டை மாற்ற முடியாது. டிராலியாலும் அவ்விதம் விளக்கெரிந்தால் போக்குவரத்தே நின்றுபோகும் என்பதற்காக, அதன் சக்கரங்களை மின்சாரம் கடவாமல் காப்பிடச் சொல்கிறது விதி. நியாயமான விதிதான். ஆனால் அதன் விளைவு என்ன? விளக்குகள் மின்னும் அந்தப் பலகையிலே, பாதையில் நிற்கும் அந்த ஏழைகளுக்கு மட்டும் ஒரு விளக்கும் இல்லை! யந்திரத்தின் கண்ணுக்கு அவர்கள் இல்லாதவர்கள்!

பிறகு அவர்களைக் காப்பது எது? ரயில்வேயின் பொதுவிதி நூலிலேயே விடை இருக்கிறது. நான்கு பேர் சேர்ந்து பாதையிலிருந்து அப்படியே தூக்கிவிடக்கூடியது எதுவோ, அதுவே டிராலி. அதைவிடக் கனமானது லாரி. தூக்க முடிவதே அதன் இலக்கணம்! பாயிண்ட் சரியில்லையா, தூக்கு! ரயில் வருகிறதா, தூக்கு! அந்த நான்கு தோள்களே பிரேக், அந்த நான்கு தோள்களே காப்பீடு. திருவரங்கத்திலே சாமியைச் சுமக்கும் தோளுக்குச் சீபாதந்தாங்கி என்று பெயருண்டு, பெருமையுண்டு. ஊரைக் காக்கும் வண்டியைச் சுமக்கும் இந்தத் தோளுக்கு என்ன பெயர்?

நான்கிலே ஒன்றைக் குறைத்தால், செலவு குறைந்தது என்பார் கணக்கர். குறைந்தது செலவல்ல, உயிருக்கான அவகாசம்! அதிகாரிகளின் வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்ட பாதைத் தொழிலாளரைத் திருப்பி அனுப்புங்கள் என்று 2017-ஆம் ஆண்டிலே ரயில்வே நிர்வாகமே ஆணையிட நேர்ந்ததே! பாதையிலே இருக்க வேண்டிய தோள் பங்களாவிலே இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

யந்திரம் வந்துவிட்டதே, ஆள் எதற்கு என்று கேட்போர் உண்டு. நாம் யந்திரத்தின் பகைவரல்லர். பாயிண்டின் அடியிலே ஜல்லியை இறுக்குவதற்கென்றே யூனிமேட் எனும் யந்திரம் இருக்கிறது. வரட்டும், வரவேற்போம்! ஆனால் அது தனக்கென ஒதுக்கிய நேரத்திலே வரும், வேலையை முடித்துப் போகும். தளர்ந்த போல்ட்டை, தேய்ந்த நாக்கை, விரிசல் கண்ட மூக்கை நாள்தோறும் தேடுவது மனிதக் கண்.

அந்தக் கண் எவ்வளவு தேவை என்பதற்கு நம் மண்ணே சான்று. 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்திலே சிதைந்தது. தூத்துக்குடி விரைவு வண்டி ஆற்றிலே வீழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். 2024 அக்டோபர் 11 அன்று கவரைப்பேட்டையிலே, நேர்ப்பாதையிலே செல்ல வேண்டிய பாக்மதி விரைவு வண்டி கிளைப்பாதையிலே புகுந்து, நின்றிருந்த சரக்கு வண்டியிலே மோதியது. பாதை பிரியும் இடம் பிழைத்தால் என்ன ஆகும் என்பதை அன்று நாடே கண்டது.

நாம் கேட்பது அதிகமா? நால்வர் என்றால் நால்வரே நிற்கட்டும். காலி இடங்களை நிரப்பட்டும். வண்டி வருவதை முன்கூட்டிச் சொல்லும் கருவியை ஒவ்வொரு குழுவுக்கும் கொடுக்கட்டும். பாதுகாப்பு விதியை, உயிரைப் பணயம் வைப்பவனுக்கு அவன் தாய்மொழியிலே சொல்லட்டும். தமிழனுக்குத் தமிழிலே, வடக்கிலிருந்து வந்த தொழிலாளிக்கு அவன் மொழியிலே! ஆபத்து வரும்போது அகராதி புரட்ட நேரமேது?

1946 செப்டம்பர் 5 அன்று உரிமை கேட்டுக் குண்டடி பட்டு ஐந்து தொழிலாளர் விழுந்த பொன்மலை, திருவரங்கத்துக்குத் தொலைவிலில்லை. அந்த மண்ணிலே நின்று சொல்கிறோம்: யந்திரத்தின் கண்ணுக்குத் தெரியாத அந்த நால்வர், நாட்டின் கண்ணுக்காவது தெரிய வேண்டும்!