என்ன லென்ஸ் எண்டு கேட்க முதல்

வியாழக்கிழமைப் பின்னேரங்களில் எங்கட பீடத்துக் கன்ரீனின் பின்பக்க மேசையில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். புகைப்படக் கழகம் என்று பெரிய பெயர் ஒன்றும் இல்லை. அந்தக் கிழமை எடுத்த படங்களை லப்டொப்பில் போட்டுக் காட்டுவோம், மற்றவர்கள் ஏதாவது சொல்லுவார்கள், பிளேன்ரீ குடிப்போம். அவ்வளவுதான்.

போன செமஸ்டரில் ஒரு நாள் எங்களில் ஒருத்தி ஒரு படத்தைக் காட்டினாள். வன்னியில் அவளுடைய அம்மம்மா குசினிக்குள் இருந்து பனங்கிழங்கு கிழிக்கிறா. சின்ன யன்னலால் வாற வெளிச்சம் மட்டும். முகத்தில் பாதி தெரியுது, மிச்சம் இருட்டு. படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக நொய்ஸ்.

"என்ன லென்ஸ்?" இதுதான் முதல் கேள்வி.

"கிற் லென்ஸ்தான். 18-55."

"ஐஎஸ்ஓ எவ்வளவு வச்சனீ?"

"6400."

"உந்தக் கமெராவில 6400 வச்சா உப்பிடித்தான் வரும். ஃபுல் ஃப்ரேம் எண்டா தப்பியிருக்கும்."

அதற்குப் பிறகு கதை அந்தப் படத்தை விட்டுப் போய்விட்டது. சொனியா கெனனா, டிஎஸ்எல்ஆர் இன்னும் எத்தனை வருசத்துக்கு, போன கிழமை வந்த ஃபர்ம்வெயர் அப்டேட்டில் ஃபோகஸ் திருந்தியிருக்கா இல்லையா என்று அரை மணித்தியாலம் கதைத்தோம். படத்தில் இருக்கிறது ஆர் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவள் லப்டொப்பை மூடிவிட்டு வகுப்பு இருக்குது என்று எழும்பிப் போனாள். அடுத்த மூன்று வியாழக்கிழமையும் வரவில்லை.

பிறகுதான் விசயம் தெரிந்தது. 2009இல் ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோது அவர்களின் வீட்டு அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. அம்மம்மாவின் முகம் உள்ள படம் என்று அந்த வீட்டில் மிஞ்சியது அடையாள அட்டையில் இருந்தது மட்டும்தான். அவள் ஒரு பழைய கெனன் 1100டியைத் தெரிந்த அண்ணா ஒருவரிடம் பகுதி பகுதியாகக் காசு கட்டி வாங்கியதே அதற்காகத்தான்.

அந்த அரை மணித்தியாலத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறோம். கேள்வி கேட்டவர்களும் நாங்கள்தான், பேசாமல் இருந்தவர்களும் நாங்கள்தான்.

கண் போதுமா?

இப்படி ஒரு கதையைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். "கமெரா முக்கியமில்லை தம்பி, கண்தான் முக்கியம்." எங்களுக்கு வகுப்பு எடுக்க வந்த சீனியர் அண்ணாமாரும் இதைத்தான் சொன்னார்கள். சொல்லும்போது அவர்களின் கழுத்தில் தொங்கியது என்ன விலை என்று எங்களுக்குத் தெரியும்.

இதை நாங்கள் ஏற்கவில்லை. அந்தக் குசினியையே எடுத்துப் பாருங்கள். கிற் லென்ஸை 55 மில்லிமீற்றருக்கு இழுத்தால் அதன் துளை எஃப் 5.6க்கு மேல் திறக்காது. அதே இடத்தில் எஃப் 1.8 வரை திறக்கிற ஒரு 50 மில்லிமீற்றர் லென்ஸ் இருந்திருந்தால் ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வந்திருக்கும். ஐஎஸ்ஓவை 6400இல் இருந்து 800 வரை, அதற்குக் கீழேயும் கொண்டு வந்திருக்கலாம். குவியும் ஆழம் குறையும் என்பது உண்மை, கண்ணுக்கு ஃபோகஸ் வைத்தால் கையில் இருக்கிற கிழங்கு மங்கும். எண்டாலும் இருட்டுக்குள் படம் எடுக்கிற ஆளுக்கு அது பெரிய உதவி. கண் எவ்வளவு கெட்டிக்காரக் கண்ணாக இருந்தாலும் யன்னலைப் பெரிசாக்காது.

கலியாண வீடுகளுக்கு இரண்டாவது கமெராக்காரனாகப் போய்த்தான் எங்களில் ஒருவன் போர்டிங் காசு கட்டுகிறான். இரண்டு மெமரி காட் போடுகிற கமெரா வேண்டும் என்று அவன் சொன்னால் அது பகட்டு இல்லை. தாலி கட்டுகிற நேரம் ஒரு காட் பழுதானால் மாப்பிள்ளையைத் திரும்பக் கட்டச் சொல்ல ஏலாது.

ஆகவே கருவியைப் பற்றிக் கதைக்கத்தான் வேண்டும். அண்டைக்கு நாங்கள் விட்ட பிழை வேறு. அந்த மேசையைச் சுற்றி இருந்த பைகளுக்குள் மூன்று 50 மில்லிமீற்றர் லென்ஸ்கள் இருந்தன. மூன்றும் அவளுடைய கமெராவுக்குப் பொருந்தும். அவளிடம் என்ன இல்லை என்று அரை மணித்தியாலம் விளக்கத் தெரிந்த எங்களுக்கு, "இந்தா, கொண்டு போய் எடுத்திட்டுத் தா" என்று சொல்ல வரவில்லை.

ஏணியைச் செய்தது ஆர்?

கருவி எங்களுக்குள் ஒரு ஏணி மாதிரி ஆகிவிட்டது. ஃபுல் ஃப்ரேம் வைத்திருப்பவன் மேல்படியில், கிற் லென்ஸ்காரி கீழ்ப்படியில், போனில் எடுக்கிறவர் மேசைக்கே வருவதில்லை. மேல்படியில் இருப்பவர் சொல்வது விமர்சனம், கீழே இருப்பவர் சொல்வது சந்தேகம். பெட்டையள் சொன்னால் அதுவும் இல்லை.

இந்த ஏணியின் படிகளை யார் அடித்தார்கள் என்று பார்த்தால் சிரிப்பு வரும். ஃபர்ம்வெயர் வரலாற்றில் இருந்து இரண்டு மூன்று கதைகள் சொல்கிறோம்.

ஃபர்ம்வெயர் என்பது கமெராவுக்குள் இருந்து அதை இயக்குகிற மென்பொருள். மெனுவில் என்ன தெரிய வேண்டும், ஃபோகஸ் எப்படிப் பிடிக்க வேண்டும், வீடியோ எந்த வேகத்தில் பதிய வேண்டும் என்பதெல்லாம் அதன் கையில்.

2003இல் கெனன் 300டி வந்தது. ஆயிரம் டொலருக்குக் குறைவாக வந்த முதல் டிஎஸ்எல்ஆர் என்று பேசப்பட்டது. அதற்குள் இருந்தது அதே ஆண்டு கூடிய விலைக்கு வந்த 10டியின் அதே 6.3 மெகாபிக்சல் சென்சர். ஆனால் ஃபிளாஷ் எக்ஸ்போசரைக் கூட்டிக் குறைப்பது, ஐஎஸ்ஓ 3200 மாதிரியான சில வசதிகள் 300டியின் மெனுவில் இல்லை. பிறகு ரஷ்யாவில் இருந்து ஒருவர் மாற்றிய ஃபர்ம்வெயர் ஒன்று இணையத்தில் பரவியது. அதைப் போட்டதும் 'இல்லாத' வசதிகளில் பல வேலை செய்யத் தொடங்கின. அவை உள்ளேயேதான் இருந்திருக்கின்றன, கதவை மட்டும் பூட்டியிருக்கிறார்கள்.

2008இல் 5டி மார்க் 2 வந்தபோது அதன் வீடியோ உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. ஆனால் வினாடிக்கு 30 ஃப்ரேமில் மட்டும்தான் எடுக்கலாம், வெளிச்சத்தைக் கமெராவே தீர்மானிக்கும். கையால் கட்டுப்படுத்தும் வசதியை 2009 ஜூனில் ஃபர்ம்வெயர் மூலம் தந்தார்கள். 24, 25 ஃப்ரேம் வேகங்கள் 2010 மார்ச்சில் வந்தன. எங்கட நாட்டுத் தொலைக்காட்சி 25 ஃப்ரேம் முறைதான். அதாவது இங்கே அதை வாங்கிய ஒருவர், கையில் இருந்த கமெராவை முழுசாகப் பாவிக்க ஒன்றரை வருசம் காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் பயனாளர்கள் சும்மா இருக்கவில்லை. 2009இலேயே மெஜிக் லான்ரேர்ன் என்ற இலவச மென்பொருளை எழுதி அந்தக் கமெராவுக்குள் போட்டார்கள்.

நல்ல கதையும் இருக்கிறது. ஃபியூஜிஃபில்மின் எக்ஸ்-டி3 2018இல் வந்த கமெரா. 2020 ஒக்ரோபரில் வந்த ஃபர்ம்வெயர், அதன் ஓட்டோ ஃபோகஸைப் புதிய எக்ஸ்-டி4இன் அளவுக்குக் கொண்டு வந்தது. பழைய கமெரா வைத்திருந்தவர்கள் ஒரு சதமும் செலவழிக்காமல் ஒரு படி ஏறினார்கள்.

இந்தக் கதைகளில் இருந்து நாங்கள் விளங்கிக்கொண்டது இதுதான். 'நல்ல கமெரா', 'சாதாரணக் கமெரா' என்ற பிரிவில் ஒரு பங்கு கண்ணாடியும் சென்சரும். இன்னொரு பங்கு எந்த விலைக்கு எதைத் திறப்பது என்று ஒரு கொம்பனி எடுத்த முடிவு. அந்த முடிவு ஒரு அப்டேட்டில் மாறலாம். அப்படி மாறக்கூடிய ஒன்றை வைத்து எங்கட மேசையில் ஆருக்கு மரியாதை, ஆருக்கு இல்லை என்று நாங்கள் ஏன் பிரிக்க வேண்டும்?

அதுவும் எங்கட நாட்டில். 2022 மார்ச்சுக்கு முதல் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. அதற்கு முதல் வாங்கினவரும் பிறகு வாங்க நினைத்தவரும் ஒரே கமெராவுக்கு ஒரே விலை கொடுக்கவில்லை. உங்களிடம் இருக்கிற கமெரா உங்கட திறமையைக் காட்டுவதை விட, உங்கட வீட்டில் வெளிநாட்டில் ஆரும் இருக்கினமா, எந்த வருசம் காசு கிடைத்தது என்பதைத்தான் கூடக் காட்டுகிறது.

கதைக்காத கதைகள்

லென்ஸைப் பற்றி மணிக்கணக்காகக் கதைக்கிற நாங்கள் கதைக்காத விசயங்கள் கன இருக்கு.

கமெராவின் வெளிச்சமானி, தான் பார்ப்பது எல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறது. கறுப்பு முகம் படத்தை நிறைத்தால் அதை வெளிறப் பண்ணும். அதே முகம் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்றால் இருட்டாக்கும். ஃபிலிம் காலத்திலும் இதைப் போன்ற ஒன்று இருந்தது. கொடக் கொம்பனியின் 'ஷேர்லி' அட்டையில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் படம், படம் கழுவும் இடங்களில் நிறத்தைச் சரிபார்த்தது அவளின் தோலை வைத்து. எங்கட அம்மாமாரின் நிறத்தை அந்த நிறமாகவே எடுக்க எக்ஸ்போசரை எவ்வளவு கூட்ட வேண்டும், எப்போது குறைக்க வேண்டும் என்பது எந்தக் கமெராவிலும் செய்யக்கூடிய, ஒரு சதமும் செலவில்லாத வேலை. அதை நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுக்கவில்லை. கலியாண அல்பங்களில் முகத்தை வெள்ளையாக்கித் தருவதை மட்டும் வடிவாகப் பழகியிருக்கிறோம்.

லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிப்பது இன்னொன்று. எங்கட வெக்கையும் ஈரக்காற்றும் அதற்கு நல்ல தோது. பையைக் கட்டிலுக்குக் கீழே மாதக்கணக்கில் வைத்துவிட்டு எடுத்துப் பார்த்தால் கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி இருக்கும். காற்றுப் புகாத ஒரு பிளாஸ்ரிக் பெட்டியும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் போதும், கூடிய விலை அலுமாரி தேவையில்லை. பொட்டலங்களை இடைக்கிடை மாற்ற வேண்டும். இதைத் தெரியாமல் கெடுத்த லென்ஸ் எங்களிடம் இரண்டு இருக்கு.

ஃபர்ம்வெயரும் அப்படித்தான். புதுசு வந்துவிட்டது என்று பெருமையாகச் சொல்லுவோம், எப்படிப் போடுவது என்று இருந்து காட்ட மாட்டோம். பற்றரி முழுசாகச் சார்ஜில் இருக்க வேண்டும். உற்பத்தி செய்த கொம்பனியின் சொந்தத் தளத்தில் இருந்துதான் இறக்க வேண்டும், ஆரோ வட்ஸ்அப்பில் அனுப்பின கோப்பைப் போடக்கூடாது. ஓடிக்கொண்டிருக்கும்போது கமெராவை நிற்பாட்டினால் அது திரும்ப எழும்பாமலே போகலாம். நாளைக்குக் கலியாண வேலை என்றால் இண்டைக்கு இரவு அப்டேட் வேண்டாம், வேறு கொம்பனி லென்ஸோ பற்றரியோ சில நேரம் அதற்குப் பிறகு ஒத்துவராமல் போகும். இவ்வளவும் ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரத்தில் சொல்லிக் கொடுக்கலாம்.

மேசைக்குத் திரும்பினது

அவளைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டோம். பெரிய நாடகம் ஒன்றும் நடக்கவில்லை. "பரவாயில்ல, நீங்கள் சொன்னதும் சரிதானே, நொய்ஸ் கூடத்தான்" என்றாள். அப்படி அவள் ஒத்துக்கொண்டதுதான் எங்களுக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

ஸ்ரடி லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது எங்களில் ஒருவனின் 50 மில்லிமீற்றரைக் கொண்டு போனாள். திரும்பி வரும்போது அறுபதுக்கு மேற்பட்ட படங்கள். அம்மம்மாவுடையது ஏழெட்டுத்தான். மிச்சம் எல்லாம் அந்த ஒழுங்கையில் இருக்கிற மற்றக் கிழவிகளும் கிழவர்களும். அவள் அம்மம்மாவைப் படம் எடுக்கிறதைக் கண்டு, "பிள்ளை, என்னையும் ஒண்டு எடுத்துத் தா, எங்கட வீட்டிலயும் ஒண்டுமில்ல" என்று வந்திருக்கிறார்கள். ஒரு ஐயா சேட்டு மாற்றிக்கொண்டு வந்து நின்றாராம்.

அந்த லென்ஸ் அதற்கு முதல் ஆறு மாதம் பைக்குள் இருந்து என்ன செய்தது என்று அதன் சொந்தக்காரனே கேட்டான்.

இப்போது மேசையில் ஒரு சிஆர் கொப்பி இருக்கிறது. ஆரிடம் என்ன லென்ஸ் இருக்கு, ஆர் எப்ப கொண்டு போனது, எப்ப தாறது என்று அதில் எழுதுகிறோம். கையில்லாத ஒரு ரைப்பொட்டும் அதில் சேர்ந்திருக்கு. போனில் எடுக்கிற இரண்டு பேர் புதுசாக வந்திருக்கிறார்கள். கருவிக் கதை குறையவில்லை, பொய் சொல்லக் கூடாது. இந்தக் கிழமையும் சொனியா கெனனா என்று சண்டை பிடித்தோம். ஆனால் ஒரு படம் மேசைக்கு வந்தால் "ஆர் இது?" என்று முதலில் கேட்க வேண்டும் என்பது ஒரு சட்டம் மாதிரி. லென்ஸைப் பிறகு கேட்கலாம். அப்படிக் கேட்கிறவர், கேட்டதோடு ஒன்றை இரவலும் கொடுக்க வேண்டும்.

உங்கட கம்பஸிலும் இப்படி ஒரு மேசை இருக்கும். அங்கே ஆரும் லப்டொப்பை மூடிவிட்டு எழும்பிப் போயிருந்தால் ஒருக்கால் போய்க் கேட்டுப் பாருங்கள்.