வடக்கே போனது தெற்கே வருமா? - ஒரு பனிக்கணக்கு

போன வாரம் எங்க ஆபீஸ் வாட்ஸப் குழுவுல ஒரு ஃபார்வர்டு. ஆர்க்டிக்ல பனி உருகுதுன்னு கத்துறவங்க அண்டார்டிகாவுல பனி கூடுறதை மறைக்கிறாங்களாம். வடக்கே குறைஞ்சா தெற்கே கூடுமாம், இயற்கை தானே டேலி பண்ணிக்குமாம். கீழே வரிசையா கைதட்டல். அதுல ஒண்ணு எங்க லீடோடது. சாதாரண பக் சொன்னாலே "லாக் எங்கே?"ன்னு கேக்கிற மனுஷன், இதுக்கு ஒரு கேள்வியும் கேக்கலை. அங்கே சண்டை போட்டா அப்ரைசல்ல தெரியும். அதனால இங்கே போடுறேன் :-)

முதல்ல ஒண்ணை ஒத்துக்கணும். ஃபார்வர்டுல பாதி ஒரு காலத்துல உண்மை. 2014 செப்டம்பர்ல அண்டார்டிகாவைச் சுத்தின கடல்பனி 2 கோடி சதுர கிலோமீட்டரைத் தாண்டுச்சு. 1979லேர்ந்து செயற்கைக்கோள் வெச்சு எடுத்த அளவுல அதுதான் உச்சம். ஃபார்வர்டு எழுதின மகராசன் அத்தோட காலண்டர் கிழிக்கிறதை நிறுத்திட்டார் போல. 2016ல மளமளன்னு சரிஞ்சுது. 2023 செப்டம்பர்ல, அதாவது அங்கே குளிர்காலம் முடியுற நேரத்துல, 1 கோடியே 70 லட்சத்தைக்கூடத் தொடலை.

ரெண்டாவது, மிதக்கிற பனி வேற, நிலத்து மேல உக்காந்திருக்கிற பனி வேற. டம்ளர்ல மிதக்கிற ஐஸ் கரைஞ்சா தண்ணி வழியாது. வெளியிலேர்ந்து ஐஸைக் கொண்டுவந்து போட்டா வழியும். கடல்மட்டத்தைப் பொறுத்தவரை பாக்க வேண்டியது நிலத்துப் பனியை. 2002லேர்ந்து கிரேஸ் செயற்கைக்கோள்கள் அதை எடை போட்டுட்டு வருது. கிரீன்லாந்து சராசரியா வருஷத்துக்குச் சுமார் 27,000 கோடி டன் இழக்குது. அண்டார்டிகா அதுல ஏறக்குறைய பாதி. ரெண்டு பக்கமும் செலவுதான், வரவு எங்கே சாமி?

இதுக்கும் மேல ஒண்ணு இருக்கு. இந்த ரெண்டும் தனித்தனிக் கணக்கே இல்லை. கிரீன்லாந்துப் பனி சில இடத்துல 3 கிலோமீட்டர் தடிமன். அவ்வளவு எடை இருக்கிறதால, சுத்தியிருக்கிற கடலைத் தன் பக்கம் இழுத்து வெச்சிருக்கு. நியூட்டன் சொன்ன அதே ஈர்ப்புதான். பனி உருகினா இழுப்பு குறையுது. பக்கத்துல கடல் இறங்குது, தூரத்துல சராசரியை விட அதிகமா ஏறுது. தூரம்னா எது? அண்டார்டிகா. மேற்கு அண்டார்டிகாவுல பெரும்பாலான பனி, கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிற தரையில உக்காந்திருக்கு. கடல் ஏறினா அதோட ஓரம் தரையை விட்டுத் தூக்கும். பிடி தளர்ந்தா பின்னாடி இருக்கிற பனி வேகமா வழுக்கி வரும். கடந்த 40,000 வருஷத்துல வடக்குப் பனி தெற்குப் பனியை இப்படி ஆட்டி வெச்சிருக்குன்னு 2020ல நேச்சர் இதழ்ல நடாலியா கோமஸ் குழு காட்டியிருக்கு.

"அப்போ பைபோலார் சீசான்னு ஒண்ணு இருக்கே"ன்னு விவரமானவங்க கேப்பாங்க. இருக்கு. 1998ல வாலஸ் ப்ரோக்கர் வெச்ச பேரு. பனியுகத்துல கிரீன்லாந்து திடீர்னு சூடானா, சுமார் 200 வருஷம் கழிச்சு அண்டார்டிகா குளிர ஆரம்பிக்கும். வெப்பத்தை அட்லாண்டிக் நீரோட்டம் தெற்கேயிருந்து வடக்கே சுமந்துட்டுப் போனதால வந்த வினை. ஆனா அது இருக்கிற வெப்பத்தை இடம் மாத்துறது. நாம இப்ப பண்றது புதுசா வெப்பத்தைச் சேக்கிறது. இன்னொண்ணையும் கவனிங்க. கிரீன்லாந்து உருகின நல்ல தண்ணி அந்த நீரோட்டத்தைத் தளர்த்தினா, வடக்கே போக வேண்டிய வெப்பம் தெற்கேயே தங்கிடும். யாரைச் சுடும்? அண்டார்டிகாவைத்தான். இவங்க சாட்சிக்குக் கூப்பிட்ட சீசாவே இவங்களுக்கு எதிரா சாட்சி சொல்லுது.

லீடுக்குப் புரியுற மாதிரி சொல்லணும்னா: ஒரு சர்வர் போனா இன்னொண்ணு தாங்கும்னு நம்பிட்டிருக்கோம் சார். ரெண்டுக்கும் ஒரே பவர் லைன். போதாக்குறைக்கு, முதல் சர்வர் சாயும்போது ரெண்டாவது மேலதான் விழுது.

டிஸ்கி: ரெண்டு துருவமும் நமக்கு ரொம்ப தூரம்னு நிம்மதியா இருக்காதீங்க. மேலே சொன்ன ஈர்ப்புக் கணக்குப்படி, தூரத்துல இருக்கிற வெப்பமண்டலக் கரைகளுக்குத்தான் சராசரியை விடக் கொஞ்சம் கூடுதல் பங்கு. மெரினாவும் அதுல அடக்கம்.