புல்வெட்டும் எஞ்சினும் பொம்மைக் காரும்

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து மாணவர் ஒருவர் வினா விடுத்துள்ளார். புல் வெட்டப் பயன்படும் தோள் இயந்திரத்தின் எஞ்சினைக் கழற்றி, வானொலி அலையால் இயக்கும் பெரிய பொம்மைக் காரிலே பொருத்த இயலுமா என்பது அவர் கேள்வி. தாராளமாக இயலும். அத்தகைய கார்களின் எஞ்சின் பிறந்ததே புல்வெட்டிக் குடும்பத்திலேதான்.

உண்மைக் காரின் ஐந்தில் ஒரு பங்கு அளவில் செய்யப்படும் இக்கார்களுக்குப் பேர்பெற்றவை ஜப்பானின் ஸெனோவா எஞ்சின்கள். மரமறுக்கும் வாளுக்கும் புல்வெட்டிக்கும் எஞ்சின் செய்து கைதேர்ந்த நிறுவனம் அது. அதன் ஜி260 எஞ்சினில் உருளையின் விட்டம் 34 மில்லிமீற்றர். பிஸ்டன் நகரும் தூரம் 28 மில்லிமீற்றர். கணக்கிட்டுப் பார்க்கும் மாணவருக்கு ஏறக்குறைய 25.4 கன சென்ரிமீற்றர் என்று விடை வரும். பெற்றோலிலேயே எண்ணெய் கலந்து ஊற்றும் ‘டூ ஸ்ட்ரோக்’ வகை.

மோட்டார் சைக்கிளின் காபுரேட்டரிலே மிதவையொன்று பெற்றோல் மட்டத்தைக் காக்கிறது. வண்டி மிகச் சாய்ந்தால் அது தடுமாறும். புல்வெட்டியில் மிதவைக்குப் பதிலாக மெல்லிய சவ்வு உண்டு. செங்குத்தான தேயிலைச் சரிவிலே நின்று தொழிலாளி எப்பக்கம் சாய்த்துப் பிடித்தாலும் எஞ்சின் ஓய்வதில்லை. மேடேறிப் பாய்ந்து குப்புற விழும் காருக்கும் இக்குணமே வேண்டியிருக்கிறது.

ஆகவே எஞ்சினின் வயிற்றைக் கிழிக்கத் தேவையில்லை. நீண்ட தண்டு பூட்டிய கூட்டைக் கழற்றி, அவ்விடத்திலே பற்சக்கரம் கொண்ட கிளட்ச் மணியைப் பொருத்தவேண்டும். கிளட்ச் உயர்ந்த வேகத்திலேயே பற்றும்படி விறைப்பான ஸ்பிரிங்கை மாற்றுவர். தூசி வடிகட்டிக்கு எண்ணெயில் நனைத்த கடற்பஞ்சு நல்லது. ஒன்று சொல்லவேண்டும்: ஒருவர் அன்றாடம் பிழைப்புக்கு எடுக்கும் இயந்திரத்திலே கைவைக்காதீர்கள். தண்டு முறிந்து மூலையிலே கிடப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

காபுரேட்டரின் கதவை இழுப்பது சேர்வோ என்னும் சிறு மோட்டார். மின்கலம் ஓய்ந்தால் அது நின்ற இடத்திலேயே நின்றுவிடும். கதவு திறந்திருந்தால் திறந்தபடியேதான். 10 கிலோவுக்கு மேற்பட்ட காரொன்று லயத்து வாசலை நோக்கி முழுவேகத்தில் ஓடுவதை எண்ணிப் பாருங்கள். அலை நின்றாலும் மின்கலம் ஓய்ந்தாலும் தீப்பொறியைத் தானே துண்டிக்கும் விசை ஒன்று இல்லாமல் எஞ்சினை முடுக்குதல் ஆகாது.

இனி மலைநாட்டார்க்கே உரிய சங்கதி. நுவரெலியா கடல்மட்டத்துக்கு 1,868 மீற்றர் மேலே உள்ளது. அங்கே காற்றழுத்தம் கரையோரத்து அழுத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கே. எஞ்சின் ஒவ்வொரு மூச்சிலும் குறைந்த காற்றை உட்கொள்கிறது. பெற்றோலோ அதே விகிதத்திற் குறைவதில்லை. கலவை கொழுத்துப்போகிறது. கரும்புகை வரும், தீப்பொறிச் செருகி ஈரமாகிக் கறுக்கும், வேகம் ஏறாது. மகாகஸ்தோட்டையில் 1934இல் தொடங்கிய மலையேற்றக் கார்ப்போட்டிக்குக் கீழ்நாட்டிலிருந்து காபுரேட்டர் வண்டி கொணர்ந்தவர்களுக்கும் இத்தொல்லை புதிதாயிராது. காபுரேட்டரின் உயர்வேகத் திருகைச் சிறிது சிறிதாக மூடி, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பாருங்கள். செருகியின் நுனி தேநீர்ச் சாயம்போற் பழுப்பாக இருந்தால் அளவு சரி.

ஆயினும் இப்படித் திருத்திய காரைக் கொழும்புக்கு எடுத்துச் சென்று அப்படியே ஓட்டுவோர் எஞ்சினைக் கொன்றுவிடுகிறார்கள். கீழே காற்று அடர்த்தி. திருகோ மலைக்கேற்ப மூடியுள்ளது. கலவை மெலிந்து சூடு ஏறும். எண்ணெயும் பெற்றோலோடே வருவதால், பெற்றோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். காய்ந்த பிஸ்டன் உருளையைக் கீறிப் பற்றிக்கொள்ளும். நாசம் நிகழுமுன் சில கணங்களுக்கு எஞ்சின் முன்னிலும் உற்சாகமாக ஓடுவதுபோலத் தோன்றுவதும் உண்டு. அதிலே ஏமாறுவோர் பலர். எனவே திருகை எத்தனை சுற்று மூடினீர்கள் என்பதை நுவரெலியாவிலேயே குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். கீழே இறங்கியபின், எஞ்சினை முடுக்குமுன்பே அத்தனை சுற்றையும் திறந்துவிட்டு, அங்கிருந்து செருகியின் நிறம் பார்த்துத் திருத்தத் தொடங்குங்கள்.